பூனைகள் சுற்றிவந்த காற்றுத் தோணி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் பாதியில் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் கௌரவம். என் வாழ்நாளில் நான் ராஃப்டில், அதாவது காற்றடைத்த ரப்பர் தோணியில், ஏறியது ஒரே ஒரு முறை, வடக்கே ஒரு மலையாற்றில். ஏறினேன் என்பதுகூட மிகைதான். முதல் சுழிப்பிலேயே வெளியே விழுந்து, மிச்சப் பயணத்தை ஓரக் கயிற்றைப் பிடித்தபடி ஆற்றுக்குள்ளிருந்தே முடித்தேன். கரையேறியதும் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தேன். அதைப் போனில் முகப்புப் படமாக வைத்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

டெரன்ஸ் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். அவனும் நானும் முன்பு அங்கே ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தவர்கள். நான் ஈரோட்டுக்குத் திரும்பிவிட்டேன், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனுடைய ஊர் மட்டக்களப்புக்கு வடக்கே, கடலோடு சேரும் வாவியின் கரையில் இருக்கும் பனிச்சங்கேணி. மலைநாட்டில் கடையை மூடிய ஒரு ராஃப்டிங் கம்பெனியிடமிருந்து பழைய ராஃப்ட் ஒன்றை வாங்கி வீட்டில் போட்டிருக்கிறானாம். வாவியில் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போகும் தொழில். ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி, எட்டு ஆசிரியர்கள் வருகிறார்கள். "இது ஓடினா நான் மஸ்கட்ட விட்டுட்டு வீட்ட வந்திருவன் மச்சான். நீ ஒருக்காப் போய், ஆக்கள ஏத்தலாமா எண்டு பாத்துச் சொல்லு. உனக்குத்தான் இது தண்ணிபட்ட பாடாச்சே."

தண்ணி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல டெரன்ஸ்" என்றேன். அன்றிரவு முதல் போனில் ராஃப்ட் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி நிபுணனானேன்.

நிபுணனை முதலில் சந்தேகப்பட்டவர்கள் விமான நிலையத்தார். ராஃப்டுக்கு ஒட்டுப் போடும் பசை ஒரு டப்பா வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அது தீப்பிடிக்கிற சரக்கு, விமானத்தில் ஏற்றக்கூடாது என்பது வீடியோவில் வரவில்லை. "இதை வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று அதிகாரி கேட்டார். "இலங்கையில ஒரு ஓட்டை இருக்கலாம்னு சந்தேகம்" என்றேன். டப்பா அங்கேயே தங்கிவிட்டது. ஒட்டுத்துணியும், கால்பம்பும், காற்றழுத்தம் பார்க்கும் கேஜும் மட்டும் என்னோடு கடல் தாண்டின.

அந்தக் கால்பம்பு பஸ்ஸில் என் மானத்தை வாங்கியது. மடியில் வைக்க முடியாமல் இருக்கையில் வைத்திருந்தேன். கூட்டம் நெருக்கியபோது பக்கத்தில் ஒரு பெரியவர் அதன் மேலேயே உட்கார்ந்தார். பம்பு நீளமாக, நிதானமாக, ஒரு மனிதன் விடக்கூடாத சத்தத்தை விட்டது. பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரியவரும் என்னைத்தான் பார்த்தார். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, முன்பக்கம் சிரிப்பு. என்ன சொன்னார் என்று ஜன்னலோரத்துப் பெண்ணிடம் கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெளிநாட்டாக்கள் நல்லாச் சாப்பிடுறாங்களாம் எண்டு சொல்றார்" என்றாள். எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் பாட்டுச் சத்தத்தில் இதெல்லாம் கேட்டே இருக்காது. இந்த பஸ்ஸிலும் பாட்டு ஓடியது. சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காமல் இருந்தது.

வியாழன் மத்தியானம் டெரன்ஸின் வீட்டில் போய் இறங்கினேன். அவன் மனைவி ஜெசிந்தா வாசலிலேயே நின்றாள். "வாங்க அண்ண. முதல்ல சாப்பிடுங்க. தோணி எங்கயும் ஓடிப் போகாது." நண்டுக்குழம்பு, இறால் பொரியல், மீன் சொதி, கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர். தயிரைக் கவிழ்த்தாலும் விழாது. எங்கள் ஊர்த் தயிரைக் கிண்ணத்தில் ஊற்றுவோம், இதைக் கரண்டியால் வெட்டினாள். நண்டு என்னைச் சோதித்தது. ஓட்டை எங்கே உடைப்பது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "காத்து எங்க அடிக்கிற எண்டு தேடுறீங்களா?" என்றாள்.

ராஃப்ட் கொல்லையில், கிடுகு வேய்ந்த கொட்டகையின் கீழ் கிடந்தது. அதைச் சுற்றி ஐந்தாறு பூனைகள். கோவில் வாசலில் பிரசாதத்துக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் கண்ணில் பட்டது ராஃப்டின் பளபளப்புதான். பழசு என்றே தெரியவில்லை. நெய் தடவிய பணியாரம் மாதிரி மினுங்கியது. "அடடா! இப்படித்தான் வெச்சுக்கணும். இதுதான் பராமரிப்பு!" என்று கைதட்டினேன்.

கொட்டகை ஓரத்தில் ஒரு மனிதர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். ஜெசிந்தா அறிமுகப்படுத்தினாள். கனகசூரியம், பக்கத்து வீடு, வாவியில் மீன்பிடிக்கிறவர். ராஃப்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டப்போகிறவரும் அவர்தான். பீடியை ராஃப்டுக்குப் பக்கத்தில் பிடிக்கக்கூடாது என்று என் முதல் சொற்பொழிவைத் தொடங்கினேன். "பத்த வெக்கல்ல தம்பி" என்று அணைந்த பீடியைக் காட்டினார்.

சொற்பொழிவு நீண்டது. ராஃப்டுக்குள் காற்று ஒரே பையாக இல்லை, தனித்தனி அறைகள் உண்டு. ஒன்றை மட்டும் முழுக்க நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. இடையில் இருக்கும் தடுப்புத் துணி ஒரு பக்கமாக இழுபட்டுக் கிழியும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வரவேண்டும். வெயிலேறினால் காற்று விரியும், அப்போது கொஞ்சம் திறந்துவிட வேண்டும். மணலில் இழுக்கக்கூடாது, தூக்க வேண்டும். உப்புத்தண்ணீரில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்துத்தான் சுருட்ட வேண்டும். ஜெசிந்தா "ஓம், ஓம்" என்று கேட்டாள். சூரியம் ஒன்றுமே சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவர்களை நம்பக்கூடாது என்பது என் கொள்கை.

அன்று மாலை ஜெசிந்தா இன்னொன்றும் சொன்னாள். இதுவரை வாவி பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போனது சூரியத்தின் மரத்தோணிதானாம். ராஃப்ட் வந்துவிட்டால் அந்தத் தோணிக்கு வேலை இல்லை. போதாதா எனக்கு? அன்றிரவு படுக்கையிலேயே வழக்கை ஜோடித்து முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் ராஃப்ட் துவண்டு கிடந்தது. நேற்று முரசு மாதிரி இருந்த ஓரக் காற்றுக்குழாய் விரல் வைத்தால் உள்ளே போகிறது. "யாரோ காத்தத் திறந்து விட்டிருக்காங்க!" என்று கத்தினேன். ஜெசிந்தா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "காத்தக் களவெடுத்து ஆர் என்ன செய்ற?" என்றாள். இரவுக் குளிருக்குக் காற்று சுருங்கும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லா அறைகளுக்கும் பம்பு அடித்தேன். அடித்து முடித்தபோது நான் துவண்டு கிடந்தேன், ராஃப்ட் நிமிர்ந்து நின்றது.

கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் கொட்டகைப் பக்கம் "ஸ்ஸ்ஸ்" என்ற சத்தம். ஓடினேன். சூரியம் ஒரு வால்வின் மூடியைக் கழற்றி, நடுவில் விரலால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கையும் களவுமா மாட்டினீங்களா!"

சூரியம் விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "என்ன களவு?"

உள்ளேயிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. "அண்ண, வெயிலேறினாக் காத்தத் திறந்து விடச் சொல்லி நீங்கதானே நேத்துச் சொன்னீங்க?"

நான் சொன்னதை நானே மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது இன்னொரு சந்தேகம்தான். இவ்வளவு ஒழுங்காகச் சொன்னபடி கேட்கிறாரே, ஏன்?

என் சந்தேகத்துக்கும் ஒரு ஆதாரம் கிடைத்தது. கேஜை வைத்துப் பார்த்தால் எல்லா அறைகளும் ஒரே மாதிரி இருக்க, பின்பக்கத்து வலது அறை மட்டும் சீக்கிரமே இறங்குகிறது. குளிரென்றால் எல்லாமே சேர்ந்துதானே சுருங்க வேண்டும்? சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து அந்தக் குழாய் முழுக்கப் பூசினேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ போட்ட ஒரு பழைய ஒட்டின் விளிம்பில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. நகத்தால் தொட்டால் ஒட்டு ஈரத் தபால்தலை மாதிரி எழும்புகிறது. தானாக எழும்புமா? யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

பின்னேரம் கரையோரமாக ஒரு வெள்ளோட்டம் விட்டோம். ராஃப்டை மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போனோம். நான் துடுப்போடு குழாயின் மேல் உட்கார்ந்து, கரையில் நின்ற ஜெசிந்தாவுக்கு லைஃப் ஜாக்கெட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எல்லாக் கிளிப்பையும் பூட்டி, தோள்ல இழுத்துப் பார்த்தா மேல வரக்கூடாது. விழுந்துட்டா பயப்படாம ஓரக் கயித்தப் பிடிச்சுக்கணும். உடம்ப மட்டும் கயித்தோட கட்டவே கூடாது. ராஃப்ட் கவுந்தா நம்மளும்..." இந்த இடத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த சூரியம் ஒரே ஒரு துடுப்பு வலித்தார். நான் குழாயிலிருந்து, தட்டிலிருந்து வழுக்கிய மாம்பழக் கொட்டை மாதிரி, சத்தமே இல்லாமல் வாவிக்குள் போனேன். என் கிளிப்புகளை நான் பூட்டியிருக்கவில்லை. ஜாக்கெட் மேலேறிக் காது வரைக்கும் வந்து நின்றது. நான் அதற்குள்ளே, ஓட்டுக்குள் போன ஆமை.

"ஓரக் கயித்தப் பிடிங்க தம்பி!" என்று சூரியம் கத்தினார்.

"எழும்பி நில்லுங்க அண்ண!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

எழுந்து நின்றேன். தண்ணீர் மார்பளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன். பூனைகள் எல்லாம் என் பின்னால் வந்துகொண்டிருந்தன. கால்சட்டையை முகர்ந்தேன். மீன் நாற்றம், அதுவும் பழைய மீன். ராஃப்டைத் தொட்டுக் கையை முகர்ந்தேன். அதே நாற்றம். யாரோ வேண்டுமென்றே எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள். உட்காருகிறவர்கள் வழுக்கி விழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எட்டு ஆசிரியர்களும் வாவிக்குள் போக வேண்டும், பழையபடி மரத்தோணிக்கே ஆட்கள் வர வேண்டும்! ஜெசிந்தாவிடம் சொன்னேன். புட்டுக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சூரியண்ணனா? அந்த மனிசன் ஒரு நாயக்கூட விரட்டாது" என்றாள். நாயை விரட்டாதவர் ஆசிரியர்களை விரட்ட மாட்டார் என்று என்ன நிச்சயம்?

சனிக்கிழமை விடியும்போதே வலைக் குவியலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். வலையில் ஒரு நண்டு மிச்சமிருந்ததை அது என்னைக் கடித்த பிறகுதான் அறிந்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சூரியம் வந்தார். ஒரு கையில் போத்தல், மறு கையில் பழைய சாரத்துண்டு. துணியை நனைத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி ராஃப்டின் மேல் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தப் பழைய ஒட்டு வந்ததும் அங்கே மட்டும் இரண்டு முறை தேய்த்தார்.

"பிடிச்சிட்டேன்!" என்று குதித்தேன். வலையும் என்னோடு சேர்ந்து எழுந்தது. நான் வலைக்குள் நின்றேன்.

சூரியம் பயந்துதான் போனார். "ஆண்டவரே! என்ன தம்பி, விடியக் காலமையே வலைக்குள்ள பட்டுட்டு நிக்கிறீங்க?"

"அது என்ன எண்ணெய்?"

"மீனெண்ணெய். தோணிக்குப் பூசுறதுதான். இல்லாட்டி உப்புத் தண்ணிக்கும் வெயிலுக்கும் வெடிச்சுப் போகும்."

"தினமும் பூசுறீங்களா?"

"கிழமைக்கு ஒருக்காத்தான் பூசுற. நீங்க வந்து மினுங்குது, இதுதான் பராமரிப்பு எண்டு சொன்னீங்கதானே? அதான் இப்ப நாளாந்தம் பூசுறன். ஒட்டு கொஞ்சம் எழும்பிற்று. அதுக்கு ரெண்டு பூச்சு."

வலைக்குள்ளிருந்தபடி இதைக் கேட்பதற்கு ஒரு தனி அவமானம் இருக்கிறது. எங்கள் பவானி ஆற்றுப் பரிசலின் அடியில் தார் பூசுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன் நான். தண்ணீரில் போகிற எதற்கும் எதையாவது பூசத்தான் மனிதனுக்குத் தோன்றும். மரத்துக்கு அது மருந்து. ஆனால் ராஃப்டின் உயிர் பசையில் இருக்கிறது. எண்ணெய் ஒட்டின் அடியில் ஊறிப் பசையின் பிடியைத் தளர்த்திவிடும். அதன் பிறகு நல்ல ஒட்டும் அங்கே பிடிக்காது. இதை வலையிலிருந்து ஒரு காலை எடுத்துக்கொண்டே விளக்கினேன்.

சூரியத்தின் முகம் இறுகியது. "அப்ப தோணிக்கு நல்லது, இதுக்கு விஷமா? இத நீங்க வியாழக்கிழம சொல்லல்லயே? கைதட்டினீங்களே?"

வலையிலிருந்து மறு காலையும் எடுத்தேன். அவர் அடுத்த கேள்வியையும் கேட்டார். "அது கிடக்கட்டும். வலைக்குப் பின்னால என்னத்துக்கு ஒளிஞ்சீங்க?"

 பதிலை அவரே கண்டுபிடித்துவிட்டார். சாரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜெசிந்தாதான் போய்க் கூட்டிவந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சொன்னது கேட்டது. "அவர் இந்தியாவில இரிந்து வந்தவர் சூரியண்ண. அவருக்கு ஆரையாவது சந்தேகப்படாட்டி நித்திர வராது போல. நீங்க வாங்களன்." என் நாட்டையே இழுத்துவிட்டாள். மறுக்கும் நிலையில் நான் இல்லை.

காலை முழுக்க மூன்று பேரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கரைத்து ராஃப்டைத் தேய்த்தோம். ஓரளவுக்குப் பிறகு பூனைகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. கடைசிப் பூனை போனதும் சூரியம், "இப்ப சுத்தம்" என்றார். கேஜைவிட அது நம்பகமான அளவுகோலாகத்தான் தெரிந்தது.

பசை பற்றி ஜெசிந்தா முந்தின நாளே கொழும்பிலிருக்கும் தன் தம்பிக்குச் சொல்லியிருந்தாள். பசை பஸ்ஸில் வந்துசேர்ந்தது சனி பின்னேரம்தான். அதுவரை சூரியம் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "இதுவும் ஒட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எட்டுப் பேர் பாரத்துக்கு ஒட்டாது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய ஒட்டை உரித்தோம், சுரண்டினோம், பசையோடு வந்த திரவத்தால் துடைத்தோம். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, புது ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தினேன். டப்பாவில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். ஒட்டிய பிறகு ஒரு முழு நாளாவது காற்று அடிக்கக்கூடாது.

ஒரு முழு நாள் என்றால் ஞாயிறு சாயங்காலம். ஆசிரியர்கள் வருவது ஞாயிறு காலை.

 ஜெசிந்தா போனை எடுத்து, அவர்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியரான உப அதிபரைக் கூப்பிட்டு, ராஃப்ட் அடுத்த வாரம்தான், நாளைக்கு வந்தால் சாப்பாடு மட்டும்தான் என்று சொன்னாள். மறுபக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. "அது வந்து பாப்பம் பிள்ள."

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனிலிருந்து எட்டுப் பேரும் ஒரே நிற டி-ஷர்ட்டில் இறங்கினார்கள். முதுகில் ஏதோ வீரவசனம் அச்சடித்திருந்தது. உப அதிபர் நேராகக் கொட்டகைக்குப் போய் ராஃப்டைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்து ஒரு அறை மட்டும் சுருங்கிக் கிடக்க, மற்றதெல்லாம் அரைக் காற்றில் நிமிர்ந்து நின்றது.

"இதுக்கென்ன? மற்றதுல எல்லாம் காத்து இரிக்குதானே? ஒரு அறை போனாலும் மிதக்கும் எண்டு நான் வாசிச்சிரிக்கன்."

உண்மைதான். நானே அதைப் பெருமையாகச் சொன்னவன். ஆனால் அது நடுத்தண்ணீரில் ஒன்று போனால் கரைக்கு வந்து சேருவதற்கு. ஒன்று இல்லாமலேயே கிளம்பினால், அடுத்தது போகும்போது என்ன மிச்சம் இருக்கும்? இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தியாவில இரிந்து வந்த எக்ஸ்பேர்ட் நீங்கதானே? இங்க முழுக்க உங்கட கதைதான்." மற்ற ஆசிரியர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு ஆசிரியை என்னோடு செல்ஃபி எடுத்தார். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

சூரியம் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "கச்சான் கிளம்பப் போகுது" என்றார். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற சுடுகாற்று அது. "மரத்தோணி எண்டாத் தண்ணிய அமத்திக்கொண்டு போகும். இது பட்டம் மாதிரி. கடல் முகத்துவாரத்தடிக்குக் கொண்டு போனா, நான் ஒராள் வலிச்சுத் திருப்பேலா."

"அப்ப பாதித் தூரம் போவம்" என்றார் உப அதிபர். "அடுத்த கிழம எங்களுக்கு ஏலாது. அதுக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சோதினை. இப்ப இல்லாட்டி இல்லத்தான்."

ஜெசிந்தாவின் போன் அடித்தது. டெரன்ஸ், வீடியோ அழைப்பில். அவள் திரையைத் திருப்ப, மஸ்கட் அறையில் பனியனோடு உட்கார்ந்திருந்தவன் சிரித்துக்கொண்டே கேட்டான், "என்ன மச்சான், இறக்கியாச்சா?" அந்த அறையின் சுவரில் நான் அடித்த ஆணி இன்னும் இருந்தது. அவன் வருகிறானா இல்லையா என்பது இந்த எட்டுப் பேரும் திரும்பிப் போய் என்ன சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஜெசிந்தாவுக்கு அதைவிடத் தெரியும். 

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒட்டை அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது, மேலே. உள்ளே எப்படியோ. நேற்று உரக்கப் படித்த டப்பா பக்கத்திலேயே கிடந்தது. அதன் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.  "மெதுவா காத்தடிச்சு... கரையோரமா... ஒரு சின்னச் சுத்து மட்டும் போகலாம்னு நினைக்கிறேன்" என்று என் வாய் சொல்வது எனக்கே கேட்டது. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். சூரியம் கைதட்டவில்லை.

ஜெசிந்தா போனை அணைத்தாள். கால்பம்பையும் துடுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் உள்ளறையில் வைத்தாள். கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, ஆசிரியர்களிடம், "கை கழுவுங்க, சாப்பாடு போடுறன். தோணியில இண்டைக்கு ஆக்கள் ஏறேலா" என்றாள். முகம் வெளுத்திருந்தது, குரல் ஆடவில்லை. உப அதிபர் ஏதோ முணுமுணுத்தார். எனக்கு அவள்மேல் இரக்கமும், என் பெயர்மேல் கவலையும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன், "ஜெசிந்தா, யோசிச்சுப் பாரு. கரையோரந்தானே? நானும் அவங்ககூடவே ஏறிக்கிறேன். அப்புறம் உனக்கென்ன பயம்?"

"அதுதான் பயம்" என்றாள்.